லாபக் கணக்கும் தர்மக் கணக்கும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. யானைமலைக்குக் கீழே, ஒத்தக்கடை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் தெருவுக்கு ஒரே நாளில் ரெண்டு தரப்பு ஆட்கள் வந்தார்கள். காலை ஏழு மணிக்குக் குழுலோன் கம்பெனிக்காரர். சமுதாயக் கூடத்து வாசலில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, உறுதிமொழி சொல்ல வைத்து, டியூ பணத்தை எண்ணி வாங்கினார். புதுசாகச் சேர்ந்த அஞ்சு பேரைச் சேர்ந்து நிற்கச் சொல்லி செல்போனில் போட்டோ எடுத்தார். பதினோரு மணிக்கு ஒரு டிரஸ்ட் வேன். நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். பிள்ளைகள் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேனில் வந்தவரும் போட்டோ எடுத்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லி ரெண்டாந்தடவையும் எடுத்தார்.

சாயங்காலம் டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சட்டக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, இதுல குழம்புறதுக்கு ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரன் லாபத்துக்கு வர்றான். டிரஸ்ட்டு தர்மத்துக்கு வருது. ஒருத்தன் எடுக்க வர்றான், ஒருத்தன் கொடுக்க வர்றான். எடுக்கிறவன எதிர்க்கணும், கொடுக்கிறவன ஆதரிக்கணும். அம்புட்டுதான்."

பக்கத்தில் வடை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் சின்னம்மா திரும்பினார். "அதெப்படிய்யா? ரெண்டு பேருந்தான் போட்டோ எடுத்துட்டுப் போனாய்ங்க. எதுக்கு, யாருக்குக் காட்டப் போறேன்னு ஒருத்தனும் சொல்லல."

தம்பி சொன்னது பாடப்புத்தகம். சின்னம்மா கேட்டது அரசியல். தோழர்கள் இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர் எடுத்த போட்டோ அவருடைய தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. இந்த அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஜவாப்தாரி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டுவார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. டிரஸ்ட்காரர் எடுத்த போட்டோ பணம் கொடுத்தவருக்குப் போகிறது. உங்கள் காசு சேர வேண்டிய கறுத்த கைகளில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி. ஒன்று லாபக் கணக்கு, ஒன்று தர்மக் கணக்கு. ரெண்டு கணக்கிலும் நாம் இருக்கிறோம். ரெண்டு கணக்கையும் பார்க்கிற இடத்தில் நாம் இல்லை.

கொடுத்ததற்குப் பெயர் பதித்துக்கொள்வது நம் மண்ணில் புதுசும் அல்ல. அழகர்மலைக் குகையில் 2,000 வருசத்துக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகளின் கற்படுக்கைகளுக்குத் தானம் கொடுத்தவர்களாக உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பொன்கொல்லன் எல்லாரும் அதில் வருகிறார்கள். அறுவை என்றால் துணி, கொழு என்றால் ஏர்முனை. மாங்குளத்து மலையில் வெள்ளறை என்கிற ஊரின் வணிகக் குழுவே பெயர் பதித்திருக்கிறது. ஆக, வியாபாரியும் தர்மவானும் எதிரெதிர் ஆட்கள் என்று நினைப்பதே பிழை. பெரும்பாலும் ஒரே ஆள்தான். காலையில் ஒரு வேட்டி, சாயங்காலம் ஒரு வேட்டி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனியின் நோக்கம் அதில் பணம் போட்டவனுக்கு லாபம் ஈட்டித் தருவது. 1970-ல் மில்ட்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: தொழிலுக்கு இருக்கிற ஒரே சமூகப் பொறுப்பு, விதிகளுக்குள் நின்று லாபத்தைக் கூட்டுவது, மேனேஜருக்குத் தர்மம் பண்ண ஆசை இருந்தால் தன் சொந்தப் பணத்தில் பண்ணட்டும். அந்த ஆளோடு நமக்கு ஒரு விசயத்திலும் ஒத்துப்போகாது. ஆனால் 'உங்களுக்காகத்தான் கடை திறந்திருக்கிறேன்' என்று அவர் பசப்பவில்லை, அது ஒரு நிம்மதி.

தர்ம நிறுவனத்தின் நோக்கம் வேறு. ஏழைகளுக்கு நிவாரணம், கல்வி, மருத்துவம், பொதுப்பயன் என்று 1961-ஆம் வருசத்து வருமான வரிச் சட்டம் பட்டியல் போட்டது. 2015-ல் அதில் யோகாவையும் சேர்த்தார்கள். சாதி ஒழிப்பு என்று பெயர் சொல்லி எந்த வருசமும் சேர்க்கவில்லை. அது கிடக்கட்டும். இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'லாப நோக்கமற்ற நிறுவனம்' என்றால் கையில் காசு மிஞ்சாத நிறுவனம் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். மிஞ்சலாம், கோடிக்கணக்கிலும் மிஞ்சலாம். மிஞ்சியதை யாரும் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, திரும்ப அந்தக் காரியத்துக்கே போட வேண்டும் என்பதுதான் விதி. வித்தியாசம் காசு மிஞ்சுவதில் இல்லை, மிஞ்சின காசு எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். மாட்டுத்தாவணி தாண்டி அண்ணாநகர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுகிற நோயாளிகளிடம் வருவதை வைத்துப் பணமில்லாதவர்களுக்கு இலவசமாகவோ சொற்பக் காசுக்கோ அறுவை செய்வது அதன் ஏற்பாடு. ரெண்டு பக்கத்துக்கும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறிப் பார்க்கிறார்கள். 1992-ல் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைத் தாங்களே செய்ய ஆரோலேப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் விலை போட்டு வந்த பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. செலவைக் குறைப்பது, எண்ணிக்கையைக் கூட்டுவது என்று எல்லாமே பக்கா வியாபாரி மூளை. எங்கள் தெருவில் கண் தெரியாமல் திண்ணையில் கிடந்த ரெண்டு அப்பத்தாக்கள் அந்த மூளையால்தான் மறுபடி ஊசியில் நூல் கோர்க்கிறார்கள். தர்மம் என்றாலே ஏமாற்று என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அந்த அப்பத்தாக்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே.

ஆனால் இதே சட்டத்துக்குள், இதே 'லாப நோக்கமற்ற' போர்டுக்குப் பின்னால் வேறொரு உலகமும் இருக்கிறது. மாணவத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1984-லிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. கல்லூரி நடத்துவது டிரஸ்ட், அல்லது சங்கம். சட்டப்படி அது தர்ம காரியம். நன்கொடை என்ற பெயரில் வசூல் எந்த அளவுக்குப் போனதென்றால் அதைத் தடுக்க 1992-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 1993-ல் உண்ணிகிருஷ்ணன் வழக்கில், கல்வி வியாபாரம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் அது கொஞ்சம் தளர்ந்தது: கொள்ளை லாபம் கூடாது, ஆனால் நியாயமான அளவு மிச்சம் பிடிக்கலாம். எது நியாயமான அளவு? அதற்குள் கட்டடம் அஞ்சு மாடி எழும்பிவிட்டது. 2022 அக்டோபரில் நியூ நோபிள் வழக்கில் மறுபடி இறுக்கிப் பிடித்தார்கள்: கல்வி என்று வரிச்சலுகை வாங்கினால் கல்வி மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும். முப்பது வருசமாகக் கோர்ட்டு ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. இது கடையா, சத்திரமா?

என் அக்கா மகன் படித்தது அப்படி ஒரு டிரஸ்ட் கல்லூரியில். பட்டியல் சாதி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்று 2012-ல் வந்த அரசாணை 92-ஐ நகல் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "கவர்மெண்டு பணம் எப்ப வரும்னு யாருக்கு சார் தெரியும்? இப்ப நீங்க கட்டிருங்க, வந்ததும் திருப்பிக்கலாம்" என்றார். கட்ட முடியாது என்றபோது ஒரு வழி சொன்னார். சேர்மனைப் பார்த்து மனு கொடுத்தால் 'ஏழை மாணவர் உதவி' என்று ஏதாவது தள்ளிக் கொடுப்பார்களாம்.

அவர் சொன்னதைக் கவனியுங்கள். அரசாணைப்படி என் அக்கா மகனுக்கு அது உரிமை. அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே பணத்தை சேர்மனின் இரக்கமாக மாற்றி நீட்டுகிறார்கள். மனு எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே கிடைத்திருக்கும், ஆண்டுவிழா மேடையில் கூப்பிட்டுக் கொடுத்திருப்பார்கள், போட்டோவும் எடுத்திருப்பார்கள். அவன் மாட்டேன் என்றான். ரெண்டு மாசம் அலைந்து, மாவட்ட நல அலுவலகத்தில் நாலு தடவை உட்கார்ந்து வாங்கினோம். எங்கள் அக்காவே, 'மனுவக் குடுத்துத் தொலச்சா என்ன, வாய்க்கொழுப்பு' என்று திட்டியது. இன்றைக்கும் அது அந்தக் கருத்தில்தான் இருக்கிறது.

கடைக்கு வருவோம். சின்னம்மா வாங்கியது 40,000 ரூபாய். வருசத்துக்கு 24 சதவீதம், குறைகிற நிலுவைக்கு வட்டி என்று வைத்துக்கொண்டால் 24 மாசத்துக்கு மாசம் 2,115 ரூபாய் போல் கட்ட வேண்டும். மொத்தம் 50,750-ஐத் தாண்டும். ரொம்ப அநியாயம் என்று தம்பிகள் குதிப்பார்கள். இதே 40,000-ஐ மார்க்கெட்டில் பத்து வட்டிக்கு வாங்கினால் மாசம் 4,000 வட்டி மட்டும், முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியை 2003-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு இன்னும் வழி விசாரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் கம்பெனியைவிட மோசமானவன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சின்னம்மாவும் சொல்லவில்லை. அவருடைய மனக்குறை வேறு. "வட்டிக்காரன் வாசல்ல வந்து கத்துனா எனக்கு மட்டுந்தான் மானம் போகும். இவிங்க நாலு பேர என்மேல ஏவி விட்டுட்டு ஓரமா நிக்கிறாய்ங்க." சேரிக்குள் பெண்களுக்கு இடையில் இருந்த ஒட்டுறவை அடமானமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பொருளாதாரக்காரர் சொல்லிவிட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தத் தொழிலே தர்மமாக ஆரம்பித்ததுதான். பக்கத்து ஆந்திராவில் எஸ்.கே.எஸ். என்பது 1997-ல் தொண்டு நிறுவனமாகப் பிறந்தது. பிறகு கம்பெனியாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் இறங்கி 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. ஏழைகளுக்குக் கடன் கொடுக்க இன்னும் பணம் வேண்டும், அதற்குச் சந்தைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஏழையின் கடனிலிருந்து முதலீட்டாளருக்கு லாபம் காட்டுவதா என்று வங்கதேசத்து முகமது யூனுஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்த வருசமே பல கம்பெனிகளிடம் ஒரே நேரத்தில் கடன் பட்ட பெண்களின் தற்கொலைச் செய்திகள் ஆந்திரக் கிராமங்களிலிருந்து வர, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதன்பின் ரிசர்வ் வங்கி இந்தக் கம்பெனிகளுக்குத் தனி விதி வகுத்து வட்டிக்கு ஒரு கூரை போட்டது. 2022-ல் அந்தக் கூரையை எடுத்துவிட்டு, குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வேறு விதி வைத்தது. 2025-ல் தமிழ்நாடும் வசூல் அடாவடியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. இத்தனை நடந்திருக்கிறது. சமுதாயக் கூடத்து வாசலில் காலை ஏழு மணிக்கு நடக்கிற காரியம் அப்படியேதான் இருக்கிறது.

இதையும் மதுரைப் பக்கத்துக் களஞ்சியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை வளர்த்தெடுத்த மகளிர் குழுக்கள் அவை. பெண்கள் போட்ட தங்கள் சொந்தச் சேமிப்பு. யாருக்குக் கடன் என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்வார்கள். வட்டி உண்டு. அந்த வட்டி திரும்ப அதே களஞ்சியத்துக்குள் விழும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரப் பெண்ணான சின்னப்பிள்ளை அதில் தலைவியானவர். டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், பத்திரிகை எல்லாம் படம் போட்டது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. பிரதமர் குனிந்த படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்கள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு 'போன தடவ வட்டி எவ்வளவு சேந்துச்சு' என்று சத்தமாகக் கேட்டு எழுதிய கணக்கு யாருக்கும் ஞாபகமில்லை. கால் பெரிசா, கணக்கு பெரிசா என்று கேட்டால் இந்தத் தேசம் எப்போதும் காலைத்தான் காட்டும்.

கெட்டுப்போன தர்மத்தை மட்டும்தானே திட்டுகிறீர்கள், சுத்தமான தர்மத்தில் என்ன குறை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இதை நமக்கு முன்பே ஒருவர் கேட்டு, பதிலும் கண்டுவிட்டார்.

1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம். அந்த மாசம் முடிவதற்குள் பம்பாயில் தீண்டாமைக்கு எதிராக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஹரிஜன சேவக சங்கம் என்று பின்னால் பெயர் வைத்துக்கொண்டது அதுதான். தலைவர் ஜி.டி.பிர்லா, ஆலை முதலாளி. செயலாளர் ஏ.வி.தக்கர். அம்பேத்கரும் அதன் மத்தியக் குழுவில் இருந்தார். நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது தக்கருக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சாராம்சம் இதுதான்: மது விலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று ஒவ்வொரு ஆளையும் திருத்துகிற வேலையில் காசைக் கரைக்காதீர்கள். பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ச்சாவடி, வண்டி வாகனம் ஆகியவற்றில் எங்கள் குடியுரிமையை நிலைநாட்டக் கிராமம் கிராமமாக இறங்குங்கள், சண்டை வந்தால் வரட்டும். இன்னொன்றையும் எழுதினார். பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவின் கதவு எங்கள் ஆட்களுக்கு அடைத்திருக்கிறது, அதைத் திறக்க வையுங்கள்.

யாரிடம் கேட்கிறார் பாருங்கள். தலைவரே ஆலை முதலாளியாக இருக்கிற சங்கத்திடம். நீ தருகிற நன்கொடை கிடக்கட்டும், முதலாளி வர்க்கமாக நீ அடைத்து வைத்திருக்கிற கதவைத் திற என்கிறார். தர்ம வேட்டி கட்டி வந்தவனை வியாபார வேட்டியில் நிறுத்திக் கேட்ட கேள்வி அது. அந்த யோசனைகளைச் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. அம்பேத்கர் விலகினார்.

நிர்வாகக் குழுவில் தாழ்த்தப்பட்டோருக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குக் காந்தி சொன்ன பதிலை அம்பேத்கர் தன் 1945-ஆம் வருசத்து நூலில் பதிவு செய்திருக்கிறார். இது சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குச் செய்கிற பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, எனவே நடத்த வேண்டியவர்களும் அவர்களே என்பது அந்தப் பதில். இதைவிட நேர்மையாகத் தர்மத்தின் நோக்கத்தை யாரும் விளக்க முடியாது. வாங்குகிறவனுடைய பசி அதில் மையமே அல்ல. கொடுக்கிறவனுடைய பாவம்தான் மையம். கடன்பட்டவன் தானே கணக்கு எழுதிக்கொள்வான், எவ்வளவு, எப்போது, எந்த ரூபத்தில் திருப்புவது என்று அவனே முடிவு செய்வான், கடன் கொடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும். உலகத்தில் எந்த வட்டிக்கடையிலும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இந்த ஒரு விசயத்தில் வட்டிக்கடையே மேல்.

மதுரையில் அந்தச் சங்கத்தார் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் கக்கன் முதலானவர்களை மீனாட்சி கோயிலுக்குள் கூட்டிப்போனார், அதற்குச் சாதி வெறியர்களிடம் அவர் வாங்கிய வசவும் உண்மை. ஆனால் 'கூட்டிப்போனார்' என்றுதான் இன்றைக்கும் எழுத வேண்டியிருக்கிறது. வாக்கியத்தில் எழுவாய் யார் என்று கவனியுங்கள்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? 2013-ஆம் வருசத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகளுக்கு, அதாவது 500 கோடி நிகர சொத்து மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ளவற்றுக்கு, மூன்று வருசச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கக் கட்டளை போட்டது. அந்த வேனில் வந்த நோட்டும் இந்தக் காசாக இருக்கலாம், பேனரில் ஒரு கம்பெனிச் சின்னம் இருந்தது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பலன் தருகிற செலவு இந்த 2 சதவீதத்தில் சேராது. சட்டக்காரர்கள் அதற்கு நியாயம் சொல்வார்கள், ஊழியருக்குச் செய்வது தர்மம் அல்ல, கடமை என்று. சரி, கடமையையே பேசுவோம். அந்தக் கம்பெனி வளாகத்தில் கக்கூஸ் கழுவுகிற காண்ட்ராக்ட் ஆள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்? அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தத் தெரு? ரெண்டு சதவீதம் கேட்டுக்கு வெளியே நம் பிள்ளைக்கு நோட்டாக வருகிறது. மீதி தொண்ணூற்றெட்டு எப்படி உண்டானது என்பது கேட்டுக்கு உள்ளே, அதே பிள்ளையின் அப்பன் கூலியில் இருக்கிறது.

இதே கேள்வியைத்தான் தனியார் வேலையில் இடஒதுக்கீடு என்று கேட்டோம். 2006-ல் தொழிலதிபர்களின் அமைப்புகள் கூடிப் பதில் சொன்னார்கள்: சட்டமெல்லாம் வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுப் பயிற்சி, ஸ்காலர்ஷிப் எல்லாம் கொடுக்கிறோம். 1932-ல் பிராயச்சித்தம், 2006-ல் விருப்பம். அரசாணைக்குப் பதில் சேர்மனுக்கு மனு. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நெசவுப் பிரிவுக் கதவு எந்த ரூபத்திலும் திறந்தபாடில்லை.

வெளியாட்களைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போனால் அது அயோக்கியத்தனம். என்.ஜி.ஓ. காசு வாங்கலாமா கூடாதா என்று விடிய விடியச் சண்டை போட்டவர்கள் நாம். வாங்கக் கூடாது என்று மேசையைத் தட்டியவர்களில் சிலர் பின்னால் டிரஸ்ட் பதிவு செய்து, பெண்டாட்டியையும் மச்சினனையும் அறங்காவலராகப் போட்டு, ஜீப் வாங்கியதும் நடந்தது. அவர்கள் நடத்திய கருத்தரங்குகளுக்கு எங்கள் தெருவிலிருந்து ஆள் ஏற்றிப்போனவன் நான், பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று தெருவில் ஒருத்தருக்கும் இன்றுவரை தெரியாது. வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் வருசா வருசம் அறிக்கை போனது, ஆங்கிலத்தில்.

அம்பேத்கரும் நிறுவனம் நடத்தினார். 1924-ல் பஹிஷ்கிருத் ஹிதகாரிணி சபா. 1945-ல் மக்கள் கல்விக் கழகம், அடுத்த வருசம் பம்பாயில் சித்தார்த் கல்லூரி. நன்கொடை திரட்டினார், அரசிடமும் வாங்கினார். ஆகவே காசு வாங்குவதே தீட்டு என்கிற சுத்தக்காரர் பேச்சு நமக்கு உதவாது. யார் நடத்துவது, யாருக்குக் கணக்குச் சொல்வது என்பதில்தான் அவருக்கும் பிர்லா சங்கத்துக்கும் தகராறு.

எங்கள் தெருவில் ராத்திரிப் படிப்பகம் ஒன்று நாலு வருசமாக நடக்கிறது. டிரஸ்டும் இல்லை, பதிவும் இல்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகள் மாசம் ஆளுக்கு 100, 200 என்று போடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் பேசி ஒரு முடிவு செய்தோம். வரவு செலவை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்து வாசலில், அந்தக் குழுலோன் கூட்டம் நடக்கிற அதே இடத்தில், எல்லாரும் கேட்க வாசிப்பது. முதல் தடவை வாசித்தபோது வரவு 5,300, செலவு 4,870. சட்டக் கல்லூரித் தம்பிதான் வாசித்தார். கூட்டம் என்று பார்த்தால் பதினேழு பேர். வாசித்து முடிப்பதற்குள் சின்னம்மா கையைத் தூக்கிவிட்டார். போன மாசமும் டியூப்லைட்டு, இந்த மாசமும் டியூப்லைட்டு என்று எழுதியிருக்கிறதே, அப்படி எத்தனை டியூப்லைட்டு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். தம்பியிடம் பில் இல்லை. அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வேன்காரர் மறுபடி வந்தால் அவரிடமும் இதையே கேட்கப் போவதாகச் சின்னம்மா சொல்லிக்கொண்டு திரிகிறார்.